'திருமணமாகாத துணை': நம் பிள்ளைகளை அந்தக் கட்டத்துக்குள் தள்ளுவது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் வாசியுங்கள்.

லண்டன் விசா என்று நாம் சொல்லும் ஐக்கிய இராச்சிய விசாவுக்கு, அங்குள்ள பிரஜை ஒருவரின் துணையாக விண்ணப்பிக்கும்போது ஒரு கேள்வி வரும். உங்களைக் கூப்பிடுகிறவருக்கு நீங்கள் என்ன முறை? சட்டப்படியான மனைவியா, கணவனா? திருமணம் நிச்சயிக்கப்பட்டவரா? அல்லது 'திருமணமாகாத துணை'யா?

கடைசிச் சொல்லைக் கண்டதும் நம்மவர்கள் "அஸ்தஃபிருல்லாஹ்" சொல்லிவிட்டுக் கடந்து போவார்கள். அது கல்யாணம் முடிக்காமல் கூடி வாழும் வெள்ளைக்காரருக்கு உரியது, நமக்கு எதற்கு என்று நினைப்பார்கள். ஆனால் ஊரைக் கூட்டி நிக்காஹ் முடித்து, மஹர் வாங்கி, பிரியாணி சகன் வைத்து அனுப்பிய நம் பிள்ளைகள் சிலரும் சட்டத்தின் கண்ணில் அந்தக் கட்டத்துக்குள்தான் நிற்கிறார்கள். காரணம் ஒன்றுதான். நிக்காஹ் நடந்தது, பதிவு நடக்கவில்லை.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி. கெட்டிக்காரி. உயர்தரம் முடித்த கையோடு கிழக்கு லண்டனில் பிறந்து வளர்ந்த உறவுக்காரப் பையனுக்குப் பேசினார்கள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று சூமில் நிக்காஹ். இங்கே வீட்டு விறாந்தையில் வாப்பாவும் மௌலவியும் இரண்டு சாட்சிகளும், அங்கே திரையில் மாப்பிள்ளை. விவாகப் பதிவாளரைக் கூப்பிடவில்லை. "மாப்பிள்ளை வந்ததும் காவின் எழுதலாம்" என்றார்கள். ஐந்து மாதத்தில் மாப்பிள்ளை வந்தார், மூன்று கிழமை நின்றார். விருந்தும் பயணமுமாக நாள் போனது. காவின் எழுதப்படவில்லை.

பிறகு விசா. ஏஜென்சிக்காரர் "மனைவி" என்று போடச் சொன்னார். பள்ளிவாசல் கடிதத் தாளில் ஒரு கடிதம், நிக்காஹ் படங்கள், சூம் காணொளி எல்லாம் வைத்தார்கள். நிராகரித்துவிட்டார்கள். நிராகரிப்புக் கடிதத்தை அவளுடைய வாப்பா என்னிடம்தான் கொண்டுவந்தார், வாசித்துச் சொல்லச் சொல்லி. விஷயம் இரண்டு. சட்டப்படி செல்லுபடியான திருமணம் என்பதற்கு ஏற்கத்தக்க ஆவணம் இல்லை. சரி, திருமணமாகாத துணையாகவாவது எடுப்போம் என்றால், இரண்டு வருட உறவு இல்லை. ஒரு கதவு மூடினால் மறு கதவு திறக்கும் என்போம். இங்கே இரண்டும் ஒரே கடிதத்தில் மூடின.

"டீச்சர், புள்ள கலியாணம் முடிச்ச புள்ள. கலியாணம் முடிக்காத எண்டு நான் எப்பிடி எழுதுற?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பதிவு செய்ததால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லுபடியாகாது, பதிவு செய்யாததால் மட்டும் செல்லாமலும் போகாது என்கிறது. இந்த ஒரு பிரிவைத்தான் நம்மில் பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். அடுத்த பிரிவை யாரும் சொல்வதில்லை. 17ஆம் பிரிவு, நிக்காஹ் முடிந்த உடனேயே பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பை மூன்று பேர் மீது வைக்கிறது: மாப்பிள்ளை, பெண்ணின் வலி, நிக்காஹை நடத்தி வைத்தவர். மணமகள் அந்தப் பட்டியலில் இல்லை. பொறுப்பு மூன்று ஆண்களுடையது, பதிவில்லாமல் போனால் அலைவது பெண்.

ஆக, பதிவில்லாத நிக்காஹ் இங்கே திருமணம்தான். திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி அது செல்லுபடியா என்றுதான் லண்டன்காரனும் பார்க்கிறான். பிறகு ஏன் நிராகரித்தான்? நிரூபிக்க வேண்டிய சுமை நம் தலையில் இருப்பதால். விசா அதிகாரி நம்மூர் மௌலவியை அறியமாட்டார், பள்ளிவாசல் முத்திரையையும் அறியமாட்டார். அவருக்குத் தெரிந்தது அரசாங்கப் பதிவேட்டிலிருந்து எடுத்த விவாகச் சான்றிதழ். மாப்பிள்ளை இங்கிலாந்தில் இருந்துகொண்டு சூமில் கபூல் சொன்னால், இந்தத் திருமணம் எந்த நாட்டில் நடந்தது என்ற கேள்வியும் சேர்ந்துவிடும். இங்கிலாந்தில் நடந்தது என்று எடுத்தால் கதையே வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

இனி அந்தத் 'திருமணமாகாத துணை' என்ற கட்டம். அது யாரையும் கேவலப்படுத்த எழுதிய சொல் இல்லை. அங்குள்ள விதி சொல்வது இதுதான்: சட்டப்படி திருமணம் இல்லாவிட்டாலும், திருமணத்தை ஒத்த உறவில் குறைந்தது இரண்டு வருடம் இருந்த ஜோடி. முன்பு இரண்டு வருடம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2024 ஜனவரி கடைசியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது ஒரே கூரையின் கீழ் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை, ஆனால் உறவு உண்மையானது, இரண்டு வருடம் தொடர்ந்தது என்று காட்ட வேண்டும். ஒருவரை ஒருவர் நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும். தொலைபேசி அழைப்புப் பட்டியல், அவர் அனுப்பிய பணத்தின் வங்கிச் சிட்டைகள், கடவுச்சீட்டில் வந்துபோன முத்திரைகள், இரண்டு பேரின் பெயரும் போட்ட கடிதங்கள், குடும்பத்தாரின் கடிதங்கள். நம் பிள்ளைகளுக்கு இது புதிது. கணவனோடு பேசிய வட்ஸ்அப் செய்திகளை ஒரு வெள்ளைக்கார அதிகாரி வாசிப்பார் என்று நினைத்து எந்தப் பெண்தான் சேர்த்து வைப்பாள்? அந்தப் பிள்ளை போன் மாற்றியபோது பாதியை இழந்திருந்தாள்.

அந்த வாப்பாவுக்கு நான் சொன்ன பதில்: விசாப் படிவம் பத்வா இல்லை. அல்லாஹ்விடம் அவள் மனைவி, ஊரிலும் மனைவி. படிவம் கேட்பது பதிவேட்டில் உள்ள நிலையை மட்டும். இரண்டு வருடம் பூர்த்தியான பிறகு அந்தக் கட்டத்தில் விண்ணப்பிப்பதில் மார்க்கத்துக்கு முரணாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. நிக்காஹ் நடந்ததை மறைக்கத் தேவையில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லலாம்: சமய முறைப்படி நிக்காஹ் நடந்தது, பதிவு இல்லை. பொய் சொல்வதுதான் மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் முரண். நிக்காஹ் திகதியை முன்பின் ஆக்கிக் காவின் எழுதித் தருகிறேன் என்று அவரிடம் ஒருவர் வந்திருக்கிறார். பொய் ஆவணம் என்று பிடிபட்டால் நிராகரிக்க அதுவே போதும். அதன் பிறகு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் "முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு முன்னால் நிற்க வேண்டும்.

மற்ற நிபந்தனைகள் எந்தக் கட்டத்தில் போனாலும் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இருவருக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அழைப்பவரின் வருட வருமானம் 29,000 பவுண். அதற்கு முன் 2012இலிருந்து 18,600 பவுணாக இருந்தது. ஆரம்ப நிலை ஆங்கிலப் பரீட்சை உண்டு. சுகாதாரக் கட்டணம் 2024 பெப்ரவரியிலிருந்து வருடத்துக்கு 1,035 பவுண், முதல் விசாவுக்கு 3,105 பவுண் வரும். நிராகரித்தால் சுகாதாரக் கட்டணம் திரும்பும், விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. மாப்பிள்ளை பெட்ரோல் ஷெட்டில் பகுதி நேரம் வேலை செய்கிறாரா, முழு நேரமா என்று நம் மக்கள் கேட்பதில்லை. "பிரிட்டிஷ் பாஸ்போட்" என்ற இரண்டு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சம்பளச் சிட்டை கேளுங்கள். கைக்கூலி பேசும்போது வராத கூச்சம் சம்பளச் சிட்டை கேட்க மட்டும் எதற்கு?

எனக்கு ஆகப் பயம் தருவது நடுக் கட்டம், 'நிச்சயிக்கப்பட்டவர்' என்பது. பதிவில்லாத நிக்காஹுக்கு அதுதான் சுருக்கு வழி என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆறு மாத விசா. அதற்குள் அங்கே போய்ச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்து, பிறகு மனைவி விசாவுக்கு மாற வேண்டும். அந்த ஆறு மாதமும் வேலை செய்ய முடியாது. நல்ல மனிதனாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பிள்ளை போய் இறங்கிய பிறகு "நிக்காஹ் முடிந்ததுதானே, இனிக் கச்சேரியில் போய் என்னத்துக்குக் கையொப்பம்?" என்று நாளைக் கடத்துகிறவனாக இருந்தால்? மனைவி விசாவிலோ திருமணமாகாத துணை விசாவிலோ போனவளுக்கு, கணவன் அடித்து உறவு முறிந்தால் அங்கேயே தங்க விண்ணப்பிக்க ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. நிச்சயிக்கப்பட்டவர் விசாவில் போனவளுக்கு அது இல்லை. அந்த வகையில் பார்த்தால், நாம் முகம் சுளிக்கும் கட்டத்தில் போனவளுக்கு நாம் கௌரவமாக நினைக்கும் கட்டத்தில் போனவளை விடப் பாதுகாப்பு அதிகம்.

இங்கிலாந்துக்குள் நடக்கும் நிக்காஹ் பற்றியும் சொல்லவேண்டும். 2020 பெப்ரவரியில் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. 1998இல் லண்டனில் ஓர் உணவகத்தில் இமாம் முன்னிலையில் நிக்காஹ் முடித்த ஜோடி. பதினெட்டு வருடம் வாழ்ந்து நான்கு பிள்ளைகள். பதிவுத் திருமணம் செய்வோம் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நடக்கவே இல்லை. பிரிந்த பிறகு அவர் நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றம் 2018இல் அவருக்கு ஓரளவு சாதகமாகச் சொன்னது. மேல் நீதிமன்றம் மாற்றிவிட்டது: அது செல்லாத திருமணம்கூட இல்லை, சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. செல்லாத திருமணம் என்றிருந்தால் சொத்தில் பங்கு கேட்க வழி இருந்திருக்கும். திருமணமே இல்லை என்றால் மனைவி என்ற வகையில் கேட்க ஒன்றுமில்லை.

பதினெட்டு வருடம், நான்கு பிள்ளைகள். அங்கே பிள்ளையைக் கொடுக்கும் எல்லோரும் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

கனடா, அவுஸ்திரேலியா பற்றிக் கேட்பார்கள். அவுஸ்திரேலியாவில் பதிவுத் திருமணம் இல்லாத துணைக்குப் பொதுவாகப் பன்னிரண்டு மாத உறவு காட்ட வேண்டும். பணம், வீடு, சமூகத்தில் உங்களை ஜோடியாக ஏற்றது, ஒருவருக்கொருவர் உள்ள உறுதி என்று நான்கு பக்கமாகப் பார்ப்பார்கள். கனடாவில் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும். கனடாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2015 ஜூன் முதல், தொலைபேசியிலோ இணையத்திலோ பதிலாள் மூலமோ நடந்த திருமணங்களைக் குடிவரவுக்கு ஏற்பதில்லை. கணவன் மனைவி இருவரும் திருமணச் சடங்கில் நேரில் இருந்திருக்க வேண்டும். நம்மூர் நிக்காஹை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் வலியும் மாப்பிள்ளையும் கைபிடிக்கிறார்கள், பெண் வீட்டில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். கனடாவுக்குக் கொடுக்கிறவர்கள் இதை நிக்காஹுக்கு முன்பே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஒரே இடத்தில், திரைக்கு அந்தப் பக்கமாவது பெண் உட்கார்ந்தால் யாருக்கு நட்டம்?

ஏன் பதிவு செய்யாமல் விடுகிறார்கள்? சில இடங்களில் சோம்பல். சில இடங்களில் பெண்ணுக்கு வயது போதாது. சில இடங்களில் மாப்பிள்ளை அங்கே இன்னொருத்தியோடு சட்டப்படியான திருமணத்தில் இருக்கிறார், அதைச் சொல்லாமல் நிக்காஹ் மட்டும் கேட்கிறார். இப்படிப்பட்டவர் எந்தக் கட்டத்தில் போட்டும் கூப்பிட முடியாது, முந்தைய உறவு நிரந்தரமாக முறிந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. "இப்போது பதிவு வேண்டாம், பிறகு பார்ப்போம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் உங்கள் காதில் மணி அடிக்க வேண்டும்.

நியாயமான தடையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பிரஜை ஒருவர் இலங்கையரைத் திருமணம் செய்ய, 2022 ஜனவரி முதல் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை, மேலதிக மாவட்டப் பதிவாளர் முன்னிலையில் பதிவு என்று ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார்கள். நம்முடைய விவாகச் சட்டமும் இலங்கையில் வசிக்கும் முஸ்லிம்களுக்கே உரியது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. ஆகவே மாப்பிள்ளை வெளிநாட்டுப் பிரஜை என்றால், நாள் குறிக்கும் முன்பே பிரதேச செயலகத்துக்குப் போய் இன்றைய நடைமுறை என்ன, எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு, என்னென்ன கடதாசி என்று கேளுங்கள். மண்டபம் பதிய மூன்று மாதத்துக்கு முன்பே ஓடுகிறோம் அல்லவா, அதே நாளில் இதற்கும் ஓடலாம்.

"டீச்சர் காபிர்களின் காகிதத்துக்கு மார்க்கத்தை அடகு வைக்கிறார்" என்று கீழே யாரோ எழுதத்தான் போகிறார்கள். அவர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். குர்ஆனின் ஆக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பது பற்றி, சாட்சி வைப்பது பற்றி (2:282). தவணைக்குக் கொடுத்த காசை எழுதச் சொன்ன மார்க்கம், உறுதியான உடன்படிக்கை என்று தானே அழைத்த திருமணத்தை எழுதுவதை வெறுக்குமா? சைக்கிள் வாங்கினால் பற்றுச்சீட்டு கேட்கிறோம்.

இதில் பிள்ளைகள் படும் பாடும் உண்டு. முதலாம் தர அனுமதிக்குப் பெற்றோர் கொண்டுவரும் பிறப்புச் சான்றிதழ்களை நாங்கள் பார்க்கிறோம். பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்த ஆசிரியருக்கும் கண்ணில் படும். காவின் காட்ட முடியாமல் அந்த இடத்தில் இல்லை என்று விழுந்த, நிக்காஹ் முடித்த பெற்றோரின் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த உம்மா நம்மிடம் கடதாசியை நீட்டும்போது விரலால் அந்த வரியை மறைத்துக்கொண்டு நீட்டுவார். பிறகு எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

பெண்ணின் கையொப்பம் பற்றி ஒரு வார்த்தை. நம் சட்டம் கேட்பது மாப்பிள்ளையினதும் வலியினதும் பிரகடனங்களை. மணமகளின் கையொப்பத்தை அது கட்டாயமாக்கவில்லை. 2009இல் நியமித்த சலீம் மர்சூப் குழு 2018இல் அறிக்கை கொடுத்து, அதற்குப் பிறகும் எத்தனையோ கூட்டம் நடந்தது. அந்தச் சண்டையை இங்கே இழுக்க விரும்பவில்லை. என் மாணவி தன் நிராகரிப்புக் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டதை மட்டும் சொல்கிறேன். "டீச்சர், என்ட கலியாணத்துல நான் ஒரு இடத்திலயும் சைன் வைக்கல்ல. விசா போமில மட்டும்தான் வச்சன்."

இப்போது அவர்கள் முதலில் செய்துகொண்டிருப்பது தாமதமான பதிவுக்கான முயற்சி. உண்மையான திகதியோடு, உண்மையான சாட்சிகளோடு. அது சரிவராவிட்டால் இரண்டு வருடம் பூர்த்தியான பிறகு திருமணமாகாத துணையாக விண்ணப்பிப்பதாக முடிவு. வாப்பா ஒருவாறு சம்மதித்துவிட்டார். அழைப்புப் பட்டியல்களை மாதம் மாதம் அச்செடுத்துக் கோப்பில் போடுகிறார். மருமகனையும் வருடத்தில் இரண்டு தரமாவது வரச் சொல்லியிருக்கிறார்.

நம் ஊர்ப் பள்ளிவாசல் நிருவாகங்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவாளர் வராத நிக்காஹுக்குப் பள்ளியில் இடமோ கடிதமோ கொடுப்பதில்லை என்று தீர்மானம் எடுங்கள். மாப்பிள்ளை வெளிநாட்டுப் பிரஜையாக இருந்தால், நாள் கேட்டு வரும்போதே அவருடைய கடவுச்சீட்டுப் பிரதியையும், அந்த நாட்டில் அவர் திருமணமாகாதவர் அல்லது விவாகரத்தானவர் என்பதற்கான அத்தாட்சியையும் கேளுங்கள். நிக்காஹ் ஓதும் மௌலவிமாருக்கும் 17ஆம் பிரிவில் தங்கள் பெயரும் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். வரும் ஜும்ஆவுக்குப் பிறகு இதைப் பேச எந்தப் பள்ளியாவது நேரம் தந்தால், படிவங்களின் பிரதிகளை எடுத்துக்கொண்டு பெண்கள் பகுதிக்கு நான் வரத் தயார். இன்பொக்ஸில் எழுதுங்கள்.